ஐந்து கை தொட்ட பந்து

கூடைப்பந்தாட்டம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம். மற்றதெல்லாம் பிறகுதான். பிள்ளைகள் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், "உந்த விளையாட்டை நிப்பாட்டுங்கோ" என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விடுவேன். அப்பாவுக்கு விசர் என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தோற்ற மட்ச் ஒன்றுக்காக ஒருவன் இவ்வளவு காலம் கோபப்பட்டால் அது யாருக்கும் விளங்கும். வென்ற மட்சுக்காகக் கோபப்படுகிறவனை யாருக்கு விளங்கும்?

நான் படித்த கல்லூரி வலிகாமம் மேற்கில், பண்டத்தரிப்புக்குக் கிட்ட இருந்தது. அமெரிக்க மிசன்காரர் கட்டிய பழைய கட்டடங்கள், ஒரு சின்னத் தேவாலயம், அதற்குப் பின்னால் வேப்பமரங்களுக்கு நடுவே ஒரு சீமெந்துத் தரை. அங்கேதான் எங்கள் ஆட்டம். தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம் அது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம்கூடச் சில கிழமைகளில் இல்லை. இப்படியிருக்கப் புதுப் பந்துக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்த பந்து மேல் தேய்ந்து வழுக்கையாகி, ஒரு பக்கம் புடைத்திருந்தது. தட்டினால் நேரே எழும்பாது. பக்கத்தில் நிற்கிற எதிராளியின் கைக்கு மரியாதையாகப் போய்ச் சேரும். அந்தப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தெரிந்தவன் எங்கள் ரீமில் ஒருத்தன்தான். அவன்தான் கப்டன்.

கட்டையன், கால் கொஞ்சம் வளைவு, வாய் நிறையப் பகிடி. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குக் கூட்டாளி. அவன் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பெடியன், தகப்பன் வாத்தியார். நான் கோயில் குளம் என்று திரிகிற வீட்டுப் பிள்ளை. எங்கள் சந்தியிலிருந்து அவனுடைய சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போவேன். உழக்குகிறது அவன், முன் பாரில் இருந்து கதைக்கிறது நான். தரையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான் வலது மூலையில் நிற்பேன். அவன் பந்தைக் கொண்டுவந்து, இரண்டு பேரை ஏமாற்றி, ஒரு தரம் என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வை போதும். பந்து கையில் இருக்கும், நான் எறிந்துவிடுவேன். கூடைக்குள் விழும். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது, தெரியவேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

எனக்கு இரண்டு அண்ணன்மார். இரண்டு பேரும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். பெரியண்ணை போன அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அண்ணை எங்கை?" என்று கேட்க, அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "போட்டான்" என்றா. சின்னண்ணை போனபோது நான் கேட்கவும் இல்லை. சுருட்டி வைத்த பாயைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். அந்தக் காலத்தில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வயசுப் பெடியனுக்கு வெளியே போக இயக்கத்தின் அனுமதி லேசில் கிடைக்காது. கதை வெளியே போனால் காரியம் கெட்டது. தாய் தகப்பனைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் கிளாலிக் கரைக்குப் போய் வள்ளம் ஏறி, அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கண்காணாத தேசம். போகிறவன் சொல்ல மாட்டான், நிற்கிறவன் கேட்கவும் கூடாது. "நீ போறியோ?" என்று ஒருவனிடம் கேட்பது அவன் வீட்டுச் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பதுபோல. மரியாதை தெரிந்தவன் கேட்கமாட்டான்.

கேட்காததால் நாங்கள் எல்லோரும் மோப்பம் பிடிக்கப் பழகியிருந்தோம். வீட்டு மாடு விற்கப்பட்டால் ஒரு அறிகுறி. பெடியன் தையல்கடையில் நீளக் களிசானுக்கு அளவு கொடுத்தால் இன்னொன்று. தலைமயிரை ஒட்ட வெட்டிப் படம் பிடித்தால் கதை முடிந்தது. இந்த வித்தையில் எங்கள் ஊரை வெல்ல ஆளில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அண்ணன்மார் போனபிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்குக் கதை குறைந்துபோயிற்று. சாப்பிட்டியா, விளக்கை நூர், இவ்வளவுதான். நான் வாய் திறந்து கதைக்கிற ஒரே ஆள் அவன். அவனும் ஒரு நாள் பாயைச் சுருட்டிவிடுவானோ என்பதுதான் அந்த வருசம் முழுக்க எனக்கிருந்த பயம். உயர்தரச் சோதனைப் பயமெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அந்த வருசப் போட்டிகளின் தொடக்கம் நல்லாயிருந்தது. பிறகு கோப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு அவர்களின் தரையில் ஆடினோம். அவர்கள் எங்களை முதலே வந்து பார்த்திருக்கவேண்டும். எங்கள் கப்டனுக்கு இரண்டு பேரைக் காவல் போட்டுவிட்டு மற்ற நாலு பேரையும் கணக்கிலேயே எடுக்கவில்லை. எடுக்காததும் சரிதான். அவனிடமிருந்து பந்து வராவிட்டால் எங்களுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. நான் என் மூலையில் கையை நீட்டிக்கொண்டு, பஸ் வராத தரிப்பில் நிற்பவன்போல் நின்றேன். துவைத்துக் காயப்போட்டு அனுப்பினார்கள். இருவரும் சைக்கிளில் திரும்பி வந்தோம். எங்கள் சந்தி வந்ததும், "நான் ஒருத்தன் இல்லையெண்டால் நீங்கள் எல்லாம் பூச்சியந்தான் என்னடா?" என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்து நான் தூஷணத்தில் ஒரு பதில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை பயிற்சிக்கு வந்த மாஸ்ரர் ஆட்டத்தையே தலைகீழாக மாற்றினார். மாஸ்ரர் எங்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறவர், இளம் மனுசன். அவருடைய விசிலுக்குள் இருந்த உருண்டை எப்போதோ தொலைந்து அது வெறும் காற்றைத்தான் விடும். அதனால் வாயாலேயே "பீப்" என்று கத்துவார். அன்றைக்கும் ஒரு பீப் கத்தி எல்லோரையும் கூப்பிட்டு, வெண்கட்டியால் தரையில் கோடு போட்டார்.

"இண்டையிலை இருந்து ஆளுக்கு ஆள் காவல் இல்லை. ஆளை விடுங்கோ, இடத்தைப் பிடியுங்கோ. முன்னுக்கு ரெண்டு பேர், பின்னுக்கு மூண்டு பேர். ஆர் உங்கடை இடத்துக்கை வாறானோ அவன் உங்கடை ஆள். அவன் வெளியிலை போனால் மற்றவன் பாப்பான். கலைச்சுக்கொண்டு ஓடப்படாது."

"அப்ப பந்து எங்கடை கைக்கு வந்தால், சேர்?" என்று கேட்டது நெடுவல். ரீமிலேயே உயரமானவன் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டம். கூடைக்குக் கீழே நின்று உயரமாக வருகிற பந்தைப் பிடித்துப் போடுவதுதான் அவன் வேலை.

"ஒருத்தரும் பந்தைத் தட்டப்படாது. கையிலை வந்த உடனை மற்றவனுக்கு. ஐஞ்சு பேரின்ரை கையும் பட்டாப் பிறகுதான் கூடைக்கு எறியிறது. நெடுவலுக்கு மேலாலை எறியிறதும் இல்லை, நேரை மூலைக்கு எறியிறதும் இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூண்டாவது கையிலையே நல்ல வாய்ப்புக் கிடைச்சால் என்ன சேர் செய்யிறது? பந்தை வைச்சுப் பூசை பண்ணிறதோ?"

"நாலாவது கைக்குக் குடு. பேந்து பூசை பண்ணலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கப்டனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தால் மாஸ்ரர் கேட்பார். அவனுக்குத்தானே பெரிய நட்டம்? பந்தைக் கொண்டுபோகிறவன் இனிமேல் அவன் இல்லை. பின் வரிசையில் இடது பக்கம் மற்றவர்களைப்போல ஒரு இடம், அவ்வளவுதான். அவன் களிசானில் ஒட்டியிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு, "சேர் சொல்லுறது சரிதான். செய்து பாப்பம்" என்றான். எடேய், உனக்கென்ன விசரே என்று எனக்குள் கத்தினேன்.

முதல் நாட்களில் அது ஆட்டமாகவே இல்லை. கலியாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கு இலை கொடுக்கிறதுபோல் பந்து கை மாறிக்கொண்டு போகும், கடைசியில் யாராவது தவறவிடுவான். "அது எத்தினையாவது கை? நாலோ ஐஞ்சோ?" என்று இடையில் நின்று விவாதம் நடக்கும். காவல் நிற்கும்போது பழக்கதோசத்தில் எதிராளியைக் கலைத்துக்கொண்டு ஓடி, ஒரே இடத்தில் மூன்று பேர் முட்டிக்கொள்வோம். மாஸ்ரருக்குப் பீப் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் வினோதமான ஒரு விசயம், அந்தப் புடைத்த பந்துக்கு இந்த ஆட்டம் நன்றாகப் பிடித்திருந்தது. நிலத்தில் தட்டாவிட்டால் அது எந்தப் பக்கம் புடைத்திருந்தால் என்ன?

ஏன் இந்த மாற்றம் என்று வேப்பமரத்துக்குக் கீழே இருந்து ஆராய்ந்தோம். கோப்பாய்க்காரரிடம் வாங்கிய அடி ஒரு காரணம், சரி. அதற்காகக் கூடைக்குக் கீழே நிற்கிற நெடுவலுக்கு ஏன் மேலால் பந்து இல்லை? அவனைப்போல உயரம் வலிகாமத்திலேயே இல்லையே? ஒருத்தன் மெதுவாக, "அவங்கடை மாடு வித்தாச்சு" என்றான். இன்னொருத்தன், "போன கிழமை தையல்கடையிலை கண்டனான், நீளக் களிசான்" என்றான். அடுத்த நாள் நெடுவல் தலையை ஒட்ட மழித்துக்கொண்டு வந்து நின்றான். போதாதா? எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நெடுவல் போகப்போகிறான், மாஸ்ரருக்குத் தெரிந்திருக்கிறது, அவன் இல்லாமல் ஆட எங்களைப் பழக்குகிறார்.

அதற்குப் பிறகு நெடுவலுக்கு அடித்த யோகத்தைப் பார்க்கவேண்டும்! பயிற்சி முடியத் தின்ன வருகிற பணிசில் பெரியது அவனுக்கு. பிளேன்ரீக்குக் கடிக்கிற பனங்கட்டித் துண்டு அவனுக்குத்தான் முதலில். அவன் பந்தைத் தவறவிட்டாலும், "பறவாயில்லையடா, பறவாயில்லை" என்று முதுகில் தட்டினோம். ஒருத்தன் தன்னுடைய நல்ல ரீ-சேட்டைக் கொண்டுவந்து, "குளிருக்கு உதவும், வைச்சிரு" என்று கொடுத்தான். யாழ்ப்பாணத்தில் பங்குனி வெயிலில் குளிரா! நெடுவல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து முழித்தான். தனக்கு ஏதோ மாறாத நோய், அதைத் தனக்கு மறைக்கிறோம் என்று அவன் பயந்துகொண்டு இருந்தானாம். அது பிறகுதான் எனக்குத் தெரியும்.

எனக்கு உள்ளூர நிம்மதி. நெடுவல் நல்லவன், போனால் கவலைதான். ஆனால் போகிறது அவன் என்றால் என் கூட்டாளி போகவில்லை என்றுதானே அர்த்தம்? ஒரு பின்னேரம் பாரில் இருந்துகொண்டு மெல்லப் பேச்செடுத்தேன்.

"நெடுவல் போறான்போல."

சைக்கிள் கொஞ்சத் தூரம் போயிற்று. "ஓமடா. அப்பிடித்தான் கிடக்கு" என்றான்.

"சொல்லாமல்தான் போவான் என்ன?"

"சொன்னால் மட்டும்?"

"சொன்னால்... ஒண்டுமில்லை. ஒருக்கால் சொல்லலாம்தானே?" கேட்கக்கூடாத கேள்வி என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதைப் பகிடியாக்கித்தான் கேட்டேன். "நீ உந்த விசர் வேலை பாக்கமாட்டியே?"

அவன் சிரித்தான். "நான் போனால் உன்ரை இந்த உடம்பை ஆர் வைச்சு உழக்கிறது?" என்றான். நானும் சிரித்தேன். ஊரிலேயே சந்தோசமான ஆள் அன்றைக்கு நான்தான்.

ஆனால் தரையில் எனக்குச் சந்தோசம் இல்லை. ஆளுக்கு ஆள் காவல் நிற்கும்போது உனக்கென்று ஒருத்தன் இருப்பான். அவனோடு ஓடலாம், முட்டலாம், வாயால் சண்டை பிடிக்கலாம். இடத்தைக் காக்கிறவனுக்கு ஒரு துண்டுச் சீமெந்துதான் துணை. யாராவது வந்தால் உண்டு, வராவிட்டால் சும்மா நிற்பது. பின் வரிசை வலது பக்கம் என் இடம். அங்கே நின்று நான் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்து வரும், போகும். யாருடைய கையிலிருந்து வந்தது என்று பார்க்கவும் நேரமில்லை. முக்கியமாக, அவன் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பயிற்சி நடுவில் வாய்விட்டே கேட்டேன்.

"ஏன்டா என்னைப் பாக்கிறாயில்லை?"

"பந்தைப் பார்" என்றான். "ஆளைப் பாக்காதை."

இந்த ஆட்டத்தை வைத்து முதலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை வென்றோம். பிறகு அரியாலைப் பக்கம் சைக்கிளில் போய் அங்கேயும் வென்றோம். கடைசிப் பாதியில் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டு எல்லோரும் சுவரோடு ஒதுங்கி நின்றுவிட்டு, அது போனபிறகு திரும்பவும் இறங்கி ஆடினோம். எதிர்ப் பக்கத்தவர் எங்களில் யாரைக் காவல் நிற்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். யாரை நிற்பார்கள்? எங்களில் முக்கியமானவன் என்று ஒருவன் இருந்தால்தானே? அரியாலையில் கப்டன் கணுக்கால் நோகிறது என்று பாதியிலேயே இருந்துவிட்டான். அவனுடைய இடத்துக்கு மேலதிக ஆட்டக்காரன் ஒருத்தன் இறங்கினான். எங்கள் வகுப்புத்தான், கொழுத்த கன்னம், எதற்கும் சிரிக்கிறவன். அதற்குப் பிறகு பயிற்சியிலும் கப்டனுக்கு அடிக்கடி கணுக்கால் நொந்தது. கொழுத்தவன் அடிக்கடி இறங்கினான். மாடு, களிசான், தலைமயிர் என்று மோப்பம் பிடித்துத் திரிந்த நாங்கள் கண்ணுக்கு முன்னால் நொண்டிக்கொண்டிருந்தவனைக் காணவில்லை. நாசமறுவான், எந்தக் காலில் நோ என்று சரியாக ஞாபகம் வைத்துக்கொண்டு நொண்டினான்.

கடைசி மட்ச் ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணம் ரவுணில். எதிர்ப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம், நல்ல பந்து, நல்ல சப்பாத்து. அந்தக் கிழமை திங்கள் காலை நான் வழக்கம்போல் சந்தியில் நின்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் போய் முடிந்தார்கள். மரக்கறி மூட்டைகளோடு சந்தைக்குப் போகிறவர்கள் போனார்கள். சைக்கிள் காற்றுப் போயிருக்கும் என்று நினைத்தேன். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பாத ஒன்றை நினைக்காமல் அவன் வீட்டுக்கு நடந்தேன்.

வாசற் படலை கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. முற்றம் கூட்டப்படவில்லை. பக்கத்து வளவில் தண்ணி இறைத்துக்கொண்டிருந்த மனுசி என்னைக் கண்டு வாளியை வைத்துவிட்டு வேலிக்குக் கிட்ட வந்தா.

"தம்பி, அவை எல்லாரும் போட்டினம். சனிக்கிழமையே போட்டினம்." என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "உனக்குத் தெரியாதோ ராசா?"

தெரியும் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? சனிக்கிழமை. ஞாயிறு முழுக்க நான் அவனோடு மட்ச் பற்றி மனசுக்குள் கதைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவன் அப்போது ஏதோ ஒரு செக்பொயின்ற் வரிசையில் நின்றிருப்பான்.

பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். வகுப்புக்குப் போகவில்லை. நேரே போய் மாஸ்ரருக்கு முன்னால் நின்று, "நான் வெள்ளிக்கிழமை விளையாட வரேல்லை" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ சேர்?"

"ஓம்."

"எப்பவிலை இருந்து?"

"கோப்பாயிலை தோத்தபிறகு வந்து சொன்னவன். 'நான் நடுவிலை போகவேண்டி வரும். நான் இல்லாமல் உவங்கள் ஆடப் பழகோணும், ஒருத்தனை நம்பாத ஆட்டம் ஒண்டு பழக்குங்கோ' எண்டான். ஐஞ்சு கை எண்டது அவன்ரை யோசினைதான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த வெண்கட்டிக் கோடு, அந்த முன்னுக்கு ரெண்டு பின்னுக்கு மூன்று, எல்லாம் அவனுடைய வேலை. பாரில் இருந்து நான் அந்த ஆட்டத்தைத் திட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு பின்னேரமும் அவன் பேசாமல் உழக்கியிருக்கிறான். "உங்களுக்குச் சொன்னவன் எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

மாஸ்ரர் நல்லதாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்திருப்பார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசன். "உனக்கு எல்லாம் முகத்திலை தெரியுமாம்" என்றார். "உன்ரை முகத்தைப் பாத்தே ஊர் கண்டுபிடிச்சிடும் எண்டு பயந்தவன்."

உண்மைதான், என் முகத்தில் எல்லாம் தெரியும். மூலைக்கு ஓடப்போகிறேன் என்பதுகூட எதிராளிக்கு என் முகத்தில் தெரியும் என்று அவன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். அதற்காக? ஆறாம் வகுப்பிலிருந்து பாரில் ஏற்றி வந்தவனிடம், முகம் சரியில்லை என்பதற்காக ஒரு சொல் சொல்லாமல் போவதா? ஓமடா, நெடுவல்தான் போகிறான் என்று அவனால் எப்படிச் சொல்ல முடிந்தது? அவன் செய்தது சரி என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். சரியாக இருந்தால் நோகாதா?

மத்தியானம் வேப்பமரத்துக்குக் கீழே ரீம் முழுவதும் கூடிவிட்டது. கதை அதற்குள் பரவியிருந்தது. எல்லோரும் நெடுவலைப் பார்த்தோம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அப்ப நான் போறன் எண்டோ நினைச்சனீங்கள்?" என்றான் நெடுவல். "மாடு பால் வத்திப்போச்செண்டு அம்மா வித்தவ. களிசான் பழசு முழங்காலுக்கு மேலை ஏறீட்டுது. தலையிலை பேன்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்னை ஆரடா கூப்பிடப்போகினம்? எனக்கு வெளிநாட்டிலை ஒரு குருவியும் இல்லை."

கொழுத்தவன் அழத் தொடங்கினான். ரீ-சேட் கொடுத்தவன், "அதை நீயே வைச்சிரடா" என்றான்.

நான் விளையாடப் போனேன். போகாமல் வீட்டிலிருந்து என்ன செய்வது? அம்மாவிடம் சொல்ல, அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டு வா மோனை" என்றா. நெடுவலின் சைக்கிள் கரியரில் இருந்து ரவுண் வரைக்கும் போனேன். அவனுக்குக் கதைக்கத் தெரியாது. வழி நீளமாக இருந்தது.

தரையைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பெடியள் நிறைந்திருந்தார்கள். எதிர்ப் பக்கத்தவர் எங்கள் கப்டனைக் காவல் நிற்க இரண்டு பேரை வைத்திருந்தார்கள்போல. அவனைக் காணாமல் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். அதற்குப் பிறகு நடந்ததை என்ன சொல்ல? எங்காவது ஒரு ஓட்டை விழும், பின் வரிசை இடது பக்கத்தால் உடைத்துக்கொண்டு வருவார்கள், அவன் இல்லாத இடம் எல்லோருக்கும் தெரியும் என்று நான் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பது பொய், வேண்டிக்கொண்டிருந்தேன். தோற்கவேண்டும் என்று. அவன் இல்லாவிட்டால் நாங்கள் பூச்சியம் என்று ரவுணே பார்க்கவேண்டும் என்று. ஒரு ஓட்டையும் விழவில்லை. கொழுத்தவன் அந்த இடத்தில் வேலிக் கதியால்போல் நின்றான். பந்து கைக்குக் கை போயிற்று. நல்ல பந்து வேறே, பிடிக்கவே சுகமாக இருந்தது. இரண்டாம் பாதி முடியப்போகிற நேரத்தில் இரு பக்கமும் சமனாக நின்றது.

மாஸ்ரர் கத்தினார். பந்து முன்னால் நின்றவனிடம் வந்தது, அவனிடமிருந்து மற்றவனுக்கு, அவனிடமிருந்து நெடுவலுக்கு, நெடுவலிடமிருந்து இடது பக்கம் கொழுத்தவனுக்கு. அவன் பிடித்த உடனேயே எனக்கு எறிந்துவிட்டான். நான் நின்றது வலது மூலையில், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. ஐந்தாவது கை என்னுடையது. எறிந்தேன்.

கூடைக்குள் விழுந்தது. சத்தம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கூடை போட்டவன் தனக்குப் பந்து தந்தவனை நோக்கி ஒரு விரலை நீட்டுவான், தந்தவன் திருப்பி நீட்டுவான். யோசித்துச் செய்வதல்ல, கை தானாகப் போகும். என் கை தானாக இடது பக்கத்துக்குப் போயிற்று. கண்ணும் போயிற்று, கொஞ்சம் கட்டையான உயரத்தில், வளைந்த கால் நிற்கிற இடத்துக்கு. அங்கே கொழுத்தவன் நின்றான். வியர்வையில் முகம் முழுக்கச் சிரிப்பு. தனக்குத்தான் என்று நினைத்துவிட்டான். இரண்டு கையையும் தூக்கி, இரண்டு விரலால் என்னைக் காட்டித் துள்ளினான்.

பந்தைத் தந்தது அவன்தான். அதை எப்படி இல்லையென்று சொல்வது? விரலை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன். மாஸ்ரர், "பின்னுக்கு ஓடு, பின்னுக்கு ஓடு" என்று கத்துவது கேட்டது. ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன்.